சொன்னால் பாடும் பெட்டி... யார் சொன்னால்?

வீட்டில் பாட்டு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே, அங்கே யார் பேச்சு எடுபடுகிறது என்று சொல்லிவிடலாம். வால்வு ரேடியோ காலத்தில் அதன் திருகைத் தாத்தாவைத் தவிர யாரும் தொட முடியாது. டேப் ரெக்கார்டர் வந்ததும், கடையில் கொடுத்து கேசட் பதிந்துவரக் காசு வைத்திருந்த மூத்த மகனுக்கு அதிகாரம் போனது. ரிமோட் சண்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்போது கையே வேண்டாம், வாய் போதும் என்கிறார்கள். 2014 கடைசியில் அமெரிக்காவில் அறிமுகமாகி, 2017-ல் இந்தியாவுக்கு வந்த குரல் ஸ்பீக்கர் இன்று நம் வீட்டு ஷோகேஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பெட்டியிடம் பிழைக்க வாய் மட்டும் இருந்தால் போதாது. அது பழகிய வாயாக இருக்க வேண்டும்.

செல்போனில் தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் உதவியாளர் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் வீட்டு ஸ்பீக்கரில் இந்திய மொழிகளில் முதலில் இடம்பிடித்தது இந்தி. அதனால் நம் வீடுகளில் இங்கிலீஷ் கட்டளைக்கு நடுவே தமிழ்ப் பாட்டின் பெயரைச் செருகும் ஒரு புதுப் பேச்சு உருவாகியிருக்கிறது. 'ப்ளே இன்ன சாங் ஃப்ரம் இன்ன மூவி' என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீடு. அப்பத்தாவுக்கு 'பொன்மகள் வந்தாள்' கேட்க ஆசை. பெட்டியைப் பார்த்துப் பாட்டின் பெயரைச் சொன்னார். அது அசையவில்லை. "முதல்ல அது பேரச் சொல்லிக் கூப்பிடணும் அப்பத்தா" என்றான் பேரன். கூப்பிட்டார். விளக்கு எரிந்தது. எரிந்த விளக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமி, வாயைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பெட்டிக்குப் பொறுமை கிடையாது. கடைசியில் பேரனே சொன்னான். பாட்டும் வந்தது, 2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்துக்காக ரீமிக்ஸ் செய்த பாட்டு.

"இது இல்லய்யா, பழசு."

"எந்தப் படம் அப்பத்தா?"

"சொர்க்கம்."

படத்தின் பெயரைச் சேர்த்துச் சொன்னதும் அந்தச் சொல் வருகிற வேறு எதையோ போட்டது. பிறகு போனை எடுத்துத் தட்டச்சு செய்து, தேடி, 1970-ம் வருடப் பாட்டைக் கண்டுபிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பப் போனான். அதற்குள் அப்பத்தா, "விடுய்யா, எதையாச்சும் போடு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கவலை தருவது இந்த 'எதையாச்சும்'தான்.

பெட்டி நாம் பேசுவதை எழுத்தாக்கி, அந்த எழுத்துக்குப் பொருந்தும் பாட்டைப் பட்டியலில் தேடுகிறது. பட்டியலில் நம் பாட்டுகள் பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்தில்தான் ஏறியிருக்கின்றன. ஒரே பாட்டை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் ஏற்றியிருப்பார். 'ழ' வந்தால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, பழைய படப் பெயரைத் தூசி தட்டி மறுபடி வைப்பதில் நம் சினிமாவுக்குத் தனி ஆசை. 1986-லும் ஒரு 'விக்ரம்', 2022-லும் ஒரு 'விக்ரம்'. அதே பெயரில் ஒரு நடிகரும் இருக்கிறார். 'படிக்காதவன்' 1985-லும் உண்டு, 2009-லும் உண்டு. 'பில்லா' 1980-லும் 2007-லும் வந்தது, தலைப்புப் பாட்டும் இரண்டிலும் இருக்கிறது. 'பொன்மகள் வந்தாள்' என்று 2020-ல் ஒரு படமே வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே பெட்டி எதை எடுக்கும்? ஊரெல்லாம் அதிகம் கேட்பது எதுவோ, இந்த வீட்டில் முன்பு ஓடியது எதுவோ அதைத்தான். அப்பத்தா விட்டுக்கொடுத்த அன்றைக்கு ஓடியதும் கணக்கில் சேரும். அடுத்த முறை அவருடைய பாட்டு இன்னும் ஒரு படி கீழே போயிருக்கும்.

தவிர, அந்தத் தலைமுறை பாட்டுக் கேட்கும் விதமே வேறு. "கோயில் படியில உக்காந்து அழுவாளே, அந்தப் பாட்டு" என்பார்கள். வீட்டில் நாலு பேர் கூடி, எந்தப் படம், யார் நடித்தது என்று வாக்குவாதம் செய்து கண்டுபிடிப்பார்கள். அப்படியே அந்தப் படம் பார்த்த கொட்டகை, கூட வந்த நாத்தனார், இடைவேளையில் தின்ற முறுக்கு எல்லாம் பேச்சில் வரும். வானொலி நேயர் விருப்பத்தில் படத்தின் பெயர், இசை, இயற்றியவர், பாடியவர் என்று முறையாகச் சொன்ன பிறகுதான் பாட்டு வரும். இந்தப் பெட்டி பாட்டின் பெயரையும் ஒரு கலைஞரின் பெயரையும் கடித்துத் துப்பிவிட்டுப் பாட ஆரம்பிக்கிறது. பாட்டு எழுதியவரை நான் கேட்டவரை அது சொன்னதில்லை.

கண் பார்வை இல்லாதவர்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும், கையெல்லாம் மாவாக நிற்கும்போது சத்தத்தைக் குறைக்கவும் இது வசதிதான். யார் மறுத்தார்கள்?

வேடிக்கை என்னவென்றால், குரல் ஸ்பீக்கர் இந்தியாவுக்கு வந்த அதே 2017-ல்தான் பழைய டிரான்சிஸ்டர் தோற்றத்தில், திருகு வைத்து, பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றிய பெட்டியும் விற்பனைக்கு வந்தது. பிறகு தமிழிலும் 5,000 பாட்டுகளோடு வந்தது. பெற்றோருக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தவர்கள் ஏராளம். அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம்.

குரல் பெட்டியை வைத்துக்கொண்டே சமாளிக்கவும் ஒரு வழி உண்டு. பெரியவர் விரும்பும் பாட்டுகளைத் தேடி ஒரு பட்டியலாகச் சேர்த்துவிட்டு, அவர் வாயில் எளிதாக வரும் சொல் ஒன்றை ஆப்பில் கட்டளையாகப் பதிந்துவிடலாம். பெட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொன்னால் பட்டியல் ஓடும். ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாட்டு என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. காசு கட்டாத கணக்காக இருந்தால் பல சேவைகளில் கேட்ட பாட்டே வராது, அந்தச் சாயலில் ஏதோ ஒன்றுதான் வரும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் செய்து கொடுப்பது பேரன். கணக்கு அவன் பெயரில். நாளைக்கே அவன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போகிறான், இங்கே வைஃபை பாஸ்வேர்டு மாறுகிறது என்றால், பெட்டியை மறுபடி இணைக்க வேண்டும். இணைக்கிற ஆப் அவன் போனில்தான் இருக்கிறது.