களைப்புக்குக் காரணம் இரத்தத்தில் தெரியுமா?

"எந்த நேரமும் களைப்பாக் கிடக்குது பிள்ளை. விடிய எழும்பேக்கையே உடம்பை அடிச்சுப் போட்ட மாதிரி." வன்னிக் கிராமங்களில் பெண்களைச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. போர் 2009இல் முடிந்தது; இந்தக் களைப்போ பலரை விட்டபாடில்லை.

அண்மையில் ஒரு அம்மா சீட்டுக்காசை எடுத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றில் 'முழு உடல் பரிசோதனை' செய்துவிட்டு, ஒரு கட்டுத் தாள்களை என்னிடம் நீட்டினார். இரண்டு இடத்தில் அடையாளம் போட்டிருந்தது. அதைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு இருந்த நித்திரையும் போய்விட்டது.

நான் வைத்தியர் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆனாலும் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். அறிக்கையில் 'சாதாரண அளவு' என்று போடுவது பெரும்பாலும் சுகமாயுள்ள 100 பேரில் 95 பேருக்கு இருக்கும் அளவையே. ஆகவே 20 பரிசோதனைகளை ஒன்றாகச் செய்தால், நல்ல சுகமாக இருப்பவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டிக் காட்ட இடமுண்டு.

களைப்புக்கு முதலில் பார்க்கவேண்டியவை சிலதான்: எவ்.பி.சி. எனும் இரத்தக் கணக்கீடு, சீனி, தைரொயிட். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. அது 12க்கு மேல் இருந்தாலும் உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிற்றின் என்ற பரிசோதனை. அந்த அம்மாவின் தாள்கட்டில் இதுமட்டும் இல்லை! அவருக்கு மாதவிடாய் அதிகமாகப் போவதை ஆய்வுகூடத்தில் கேட்பாரில்லை. அரசாங்க வைத்தியசாலை வைத்தியர்தான் கேட்டார், பரிசோதித்தார், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார். (சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்தச் சொன்னாராம். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.)

எல்லாம் சரியென்று அறிக்கை வந்தால் உங்கள் களைப்பு பொய் என்று அர்த்தமில்லை. காணாமற்போன பிள்ளையை நினைத்து இரவிரவாக விழித்திருப்பதும், வீட்டுப் பாரம் முழுவதையும் தனியே சுமப்பதும் இரத்தத்தில் தெரியாது. மனச்சோர்வு உடம்பையும் களைக்க வைக்கும். அதற்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை உண்டு. ஊர் 'விசர்' என்று சொல்லுமே என்று பயந்து ஒதுங்குகிறோம். சொல்பவர்கள் சொல்லட்டும்.

35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். நாள் எதுவென்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். களைப்பு எப்போது தொடங்கியது, மாதவிடாய் எத்தனை நாள், நித்திரை எத்தனை மணித்தியாலம் என்பவற்றை ஒரு துண்டில் எழுதி, எடுக்கும் மருந்துகளையும் கொண்டுபோங்கள். மெலிவு, விட்டு விட்டுக் காய்ச்சல், மூச்சு வாங்குதல் இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.