உங்களுக்குத் தெரியுமா? ஹீலியம்: சூரியனின் பெயர் தாங்கிய வாயு

பலூனில் அடைக்கிறோமே ஹீலியம், அது பூமியில் அகப்படும் முன்பே சூரியனில் கண்டறியப்பட்ட தனிமம்! கிரேக்க மொழியில் 'ஹீலியோஸ்' என்றால் சூரியன்.

1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் என்று பலர், ஒளியைப் பிரித்துத் தனிமங்களுக்குரிய கோடுகளைக் காட்டும் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். கிரகண வேளையில், சூரியனின் விளிம்பிலிருந்து எழும் பிழம்புகளின் ஒளியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாக இருக்குமோ என்று பார்த்தால், அதன் இரட்டை மஞ்சள் கோடுகளுக்கு மிக அருகில், ஆனால் சற்றே விலகி நின்றது. அந்தச் சிறு விலகலில்தான் கண்டுபிடிப்பே இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்யர், கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பிடித்தார். இது புதிய தனிமம் என்று துணிந்து பெயரும் சூட்டினார். பலரும் நம்பவில்லை.

1895-இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சே, யுரேனியம் கலந்த ஒரு கனிமத்தை அமிலத்தில் இட்டபோது வெளிவந்த வாயுவில் அதே மஞ்சள் கோடு!

சோடியம், பொட்டாசியம்போல ஹீலியமும் உலோகம் என்று லாக்யர் எண்ணியதால் வந்தது 'இயம்' விகுதி. நியான், ஆர்கான், கிரிப்டான் என்று 'ஆன்' விகுதியில் முடியும் மந்த வாயுக்களுக்கு நடுவே இது மட்டும் உலோகப் பெயரோடு நிற்கிறது.