இசை மின்பெருக்கிகள்: பிழையறிதலும் பழுது நீக்கலும்

கிட்டார், பேஸ் கிட்டார் ஆகியவற்றின் கம்பி அதிர்வைக் காந்தச் சுருள் ஒன்று மின்னலையாக மாற்றுகின்றது. மிக நலிந்த அம்மின்னலையைப் பன்மடங்கு வலுப்படுத்தி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே மின்பெருக்கியின் தொழில். பொதுவழக்கில் இவ்விரண்டையுமே 'ஒலிபெருக்கி' என்று சொல்லிவிடுகின்றோம். சொல் மயங்கினால் செயலும் மயங்கும். ஸ்பீக்கரில் உள்ள குறைக்காக மின்பெருக்கியைத் திறந்து, நன்றாக இருந்ததையும் கெடுத்தவர்களை நாம் கண்டதுண்டு. ஆதலின் இங்கு இரண்டையும் வேறாகவே வழங்குவோம்.

அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951இல் பேஸ் கிட்டாரையும், அதற்கெனவே 1952இல் 'பேஸ்மேன்' என்னும் மின்பெருக்கியையும் வெளியிட்டார். பேஸுக்காகப் பிறந்த அப்பெட்டியைக் கிட்டார் கலைஞரே மிகுதியும் விரும்பினர் என்பது வியப்பு. 1960களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜிம் மார்ஷல் உருவாக்கிய முதல் மின்பெருக்கியும் அதனை முன்மாதிரியாகக் கொண்டதே. வானொலிப் பெட்டிகளில் வழக்கொழிந்த வால்வுகள் இத்துறையில் இன்றும் வாழ்கின்றன. டிரான்சிஸ்டர் மின்பெருக்கிகளும் உடனுள்ளன. பழுதறியும் முறை இரண்டிற்கும் பெரும்பாலும் ஒன்றே.

முதற்கண் உயிர்க்காப்புப் பற்றிக் கூறவேண்டும். வால்வு மின்பெருக்கியினுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். உறையிட்ட கம்பிகளுடன் இணைத்த சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றின் வழியே அதனை வடித்து, மீட்டரால் அளந்து, சுழியம் என்று கண்ட பின்னரே கை வைத்தல் வேண்டும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கச் செய்வது அறியாமை. மின்னோட்டத்துடன் அளக்க நேரின் ஒரு கையை முதுகுப்புறம் வைத்துக்கொள்வது நன்று.

பழுதறியும்போது எளியதிலிருந்து அரியதற்குச் செல்லவேண்டும். ஒரு கல்லூரி விழாவின் முன்னாள் மாலை பேஸ் மின்பெருக்கி ஒன்று நம்மிடம் வந்தது. ஓசை தேய்ந்து தேய்ந்து மறைவதும், பெட்டியைத் தட்டினால் மீள்வதுமாக இருந்தது. டிரான்சிஸ்டர்களை மாற்றவேண்டும் என்றனர் உடன் வந்தோர். நாமும் அவசரத்தில் அதை நம்பி, இரண்டு மணி நேரத்தை வீணாக்கினோம். பிழையோ பெட்டியின் பின்புறம் இருந்தது. வெளிக்கருவிகளை இடையில் இணைப்பதற்கென அங்கே 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரு துளைகள் உள்ளன. ரிட்டர்ன் துளையில் எதுவும் செருகாதபோது, உள்ளிருக்கும் சிறு தகடு ஒன்றே ஓசையை மேற்கொண்டு செலுத்துகின்றது. அத்தகடு களிம்பேறியிருந்தது. இரு துளைகளையும் சிறு கேபிளால் இணைத்தவுடன் முழக்கம் திரும்பியது. துப்புரவுத் திரவத்தைத் தெளித்துச் செருகியைப் பலமுறை செருகி எடுத்ததோடு வேலை முடிந்தது. திறக்கவே வேண்டாத பெட்டியைத் திறந்தோம்! அன்றுமுதல், கேபிளையும் துளைகளையும் பாராமல் ஆணியில் கை வைப்பதில்லை.

இரைச்சலை ஆராயச் செவியே சிறந்த கருவி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வழங்கும் நம் நாட்டில் இரைச்சல் இருவகைப்படும். பேஸ் கிட்டாரின் திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். இரைச்சல் ஏறக்குறைய அச்சுருதியில் இருந்து, ஒலியளவுக் குமிழைக் குறைத்தும் குறையாதிருப்பின், மின்வழங்கியின் மின்தேக்கிகள் முதுமையுற்றன என்று ஐயுறலாம். அதனினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து 50 ஹெர்ட்ஸில் உறுமினால் கேபிளின் மேலுறையையோ எர்த் இணைப்பையோ நோக்கவேண்டும்.

இங்கே ஒரு கொடிய வழக்கத்தைச் சுட்டாமல் இருக்க இயலாது. இரைச்சலை அடக்க எர்த் கம்பியை வெட்டிவிடுவோர் உளர். இரைச்சல் அடங்குவதும் உண்மையே. ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் கிட்டார்க் கம்பியே மின்கம்பியாகிவிடும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து மின்னூட்டினால் இத்தகைய இரைச்சல் பெரும்பாலும் தணியும். வெட்டத் தேவையில்லை.

வால்வின் உட்தகடு செந்நிறமாகக் கனல்வது கண்டால் உடனே நிறுத்துக. வால்வை மாற்றினால் தீரும் என்று எண்ணலாகாது. வால்வின் வலைக்கு வரவேண்டிய எதிர்மின்னழுத்தம் வராமையோ, முன்னுள்ள இணைப்பு மின்தேக்கி கசிந்து நேர்மின்னழுத்தத்தை விடுதலோ காரணமாகலாம். காரணத்தைக் களையாமல் இட்ட புது வால்வும் சிவக்கும். வால்வு மின்பெருக்கியை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்குதலும் தவறு. வெளியீட்டு மின்மாற்றி கருகக்கூடும்.

ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. இணைப்பைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொடுத்தால் 'டக்' என்னும் ஒலியுடன் கூம்பு அசையவேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 அல்லது 7 ஓம் காட்டுவது இயல்பே, அது குறையன்று.

உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால் தடித்த கம்பி சுற்றுவது பெரும்பிழை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்து மின்பெருக்கியை இயக்குக. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் அச்சமில்லை. முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று உளது. பல்பே சுமையைத் தாங்கிக்கொள்வதால் மின்மாற்றி பிழைக்கும். இந்நாளைய எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. இழை விளக்கு கடைகளில் அரிதாகிவருவதால், நாம் இரண்டை வாங்கிப் பஞ்சில் பொதிந்து வைத்துள்ளோம்.

பழுது நீங்கிய பின் ஒரு மணி நேரமேனும் இசைத்துப் பார்த்த பிறகே மூடியைப் பூட்டவேண்டும். பேஸின் அதிர்வில் திருகுகளும் ஈயப்பற்றுகளும் தளர்வது இயல்பாதலின், இறுதியாக ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிவிடுக.