காதில் விழும் கணக்கும் கடற்கரைக் கணக்கும்

இருவர் அமர்ந்து உரையாட, அருகிருந்து கேட்பவர்போல் மூன்றாமவர் ஒருவர் அதனைக் கேட்டு மகிழும் பழக்கம் இன்று நம் இல்லங்களில் பெருகி வருகின்றது. பொட்காஸ்ட் என்று வழங்கும் இதனைத் தமிழில் வலையொலி என்கின்றனர். 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இலண்டன் கார்டியன் பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி என்பார் எழுதிய கட்டுரையொன்றில் இச்சொல் அச்சேறியது. ஐபொட் என்னும் சிறு பாட்டுப் பெட்டியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியையும் ஒட்டவைத்துப் பிறந்த சொல் அது. அந்தப் பெட்டியின் உற்பத்தி 2022 இல் நின்றுவிட்டது. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

புத்தளத்திலிருந்து சிலாபம் நோக்கிச் செல்லும் பஸ் வண்டியில் ஏறிப் பார்த்தால், காதிற் செருகியோடு இருப்பவர் எத்தனை பேர் என்பது விளங்கும். முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் இரவுக் காவல் இருப்போரும், முற்றத்தில் வலை பொத்தும் முதியோரும், அடுப்படியில் நிற்கும் தாய்மாரும் இவ்வுரையாடல்களைக் கேட்கின்றனர். பேசப்படும் பொருள் பெரும்பாலும் மூன்று. முதலிற் புதிய திரைப்படம், அடுத்து வீட்டுச் செய்தி, அதாவது மாமியார், பிள்ளைகளின் படிப்பு, உடம்பு இளைத்தல் முதலியன, இறுதியிற் பணம். எவ்வாறு சேமிப்பது, எதில் இடுவது, எந்தச் செலவைக் குறைப்பது என்னும் பேச்சு சிரிப்புக்குப் பின்னரே வரும்.

இந்த வரிசையைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். ஒரு மணி நேரம் நம்மோடு சிரித்தவரை அந்நியராக எண்ண மனம் இடந்தருவதில்லை. 1956 ஆம் ஆண்டிலேயே டொனல்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து எழுதினர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோரை மக்கள் தம் சொந்த நண்பராகவே கொள்கின்றனர் என்பதும், அந்நட்பில் ஒரு பக்கத்தார் மற்றவரை அறியவே மாட்டார் என்பதும் அவர்கள் கண்டவை. நண்பர் சொன்னால் நாம் கேட்போம். கேட்கிறோம் என்பதை விளம்பரக்காரரும் அறிவர்.

இவ்வகை நட்பு நமக்குப் புதியதன்று. 1925 டிசம்பரில் தொடங்கிய இலங்கையின் ஒலிபரப்பு, 1950 இல் வர்த்தக சேவையைக் கண்டது. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடமில்லை என்று ஒதுக்கியபோது, தமிழகத்துக் காதுகள் யாவும் கொழும்பை நோக்கித் திரும்பின. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை மதுரையிலும் திருச்சியிலும் இருந்தோர் தம் வீட்டார் குரல்போல் அறிந்திருந்தனர். இந்தக் கடற்கரைக்கோ ஒலியை ஊருக்கெல்லாம் அனுப்பும் வேலை நன்கு பழக்கமானது. சிலாபத்தை அடுத்த இரணவிலையில், மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்த்து நின்றபோதும், அமெரிக்காவின் குரல் நிலையம் தன் கோபுரங்களை நட்டது. 2016 இல் ஒலிபரப்பு ஓய்ந்தது. 2020 இல் அதே கட்டடம் கொரோனா நோயாளரின் வைத்தியசாலை ஆயிற்று. கோபுரம் நம் மணலில் நின்றதே தவிர, அதிற் பேசியவர் நம்மவர் அல்லர்.

இன்று காற்றுத் திசை மாறிவிட்டது. நாம் பேச அவர்கள் கேட்ட காலம் போய், சென்னை பேச நாம் கேட்கிறோம். திரைப்படத்தைப் பற்றிய பேச்சானால் இதில் இழப்பொன்றுமில்லை. பணத்தைப் பற்றிய பேச்சுக்கு வரும்போதுதான் இடையிலுள்ள கடல் தெரிகின்றது. அவர்கள் கூறும் வரிச்சலுகைகள் இந்தியச் சட்டத்துக்குரியவை. மாதந்தோறும் ஐந்நூறு ரூபா இடு என்று அவர்கள் காட்டும் பரஸ்பர நிதிகள் உடப்பில் இருக்கும் ஒருவர்க்கு எட்டாதவை. அன்றியும், அந்நாட்டுப் பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் செபி என்னும் வாரியம், பதிவு பெறாத ஆலோசகரோடு தன் ஆட்சிக்குட்பட்ட நிறுவனங்கள் தொடர்பு வைத்தலாகாது என்று 2024 இல் விதி செய்துவிட்டது. அவ்விதியின் காவல் அங்குள்ளவர்க்கே. இங்கே நமக்குரிய காவல் வேறு. ஆள் சேர்த்தால் பணம் பெருகும் என்னும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கின்றது. உரிமம் பெற்ற வங்கியொன்றில் இட்ட வைப்புக்கு, ஒருவர்க்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு என 2021 இல் வரையறுத்தனர். இவ்விரண்டையும் எந்தச் சென்னை உரையாடலும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

நாடு வேறு என்பதைக் காட்டிலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அது நாட்காட்டி வேறு என்பது.

வலையொலிகளில் அடிக்கடி அடிபடும் சூத்திரம் ஐம்பது, முப்பது, இருபது என்பது. வருமானத்தில் நூற்றுக்கு 50 பங்கு தேவைகளுக்கு, 30 விருப்பங்களுக்கு, 20 சேமிப்புக்கு. அமெரிக்க சட்டப் பேராசிரியை எலிசபெத் வாரனும் அவர்தம் மகளும் 2005 இல் எழுதிய நூலொன்றால் இது உலகெங்கும் பரவியது. மாதச் சம்பளக்காரருக்கு இது நல்ல அளவுகோலே. ஆனால் கரைவலை இழுக்கும் குடும்பத்திற்கு மாதம் என்பது ஒன்றா? நம் மேற்குக் கரையில் ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரையே கடல் அமைதியாக இருக்கும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் கரைவலை ஓய்ந்துவிடும். சிலர் வள்ளமும் வலையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் வாடியடிக்கச் செல்வர். மற்றையோர் கரையில் இருப்பர்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். மாணவர்கள் கொப்பியில் எழுதிப் பார்க்கலாம். ஒரு குடும்பத்திற்குப் பருவம் நடக்கும் ஏழு மாதங்களில் மாதம் ஒரு இலட்சம் ரூபா வருவதாகக் கொள்க. சூத்திரப்படி மாதம் 80,000 செலவு, 20,000 சேமிப்பு. ஏழு மாத முடிவிற் கையில் இருப்பது 1,40,000. அதனை எஞ்சிய ஐந்து மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு 28,000. எண்பதாயிரத்தில் வாழ்ந்த வீடு இருபத்தெட்டாயிரத்துக்கு இறங்க வேண்டும்! அதுவும் எப்போது? உடப்பு திரௌபதையம்மன் தீமிதிப்பு ஆடியில். தலவில புனித அன்னாள் திருவிழா ஆகஸ்டில். முன்னேசுவரத் தேர் அதனையொட்டி. இந்தக் கரையின் பெருவிழாக்கள் யாவும் கை வறண்ட காலத்திலேயே வருகின்றன. ஏழு இலட்சத்தையும் பன்னிரண்டால் வகுத்து, மாதத்திற்கு 58,000 என்று முதல் நாளிலேயே வரம்பு கட்டிக்கொண்ட வீடுதான் ஆடியை அடகில்லாமற் கடக்கும். சூத்திரம் சொன்ன சேமிப்பு இருபது பங்கு. கடல் கேட்பதோ நாற்பதுக்கு மேல்.

உப்பளத்தார் கணக்கும் இவ்வாறானதே. மழை பெய்தால் பாத்தியில் உப்பில்லை. 2025 தொடக்கத்தில், உப்பு விளையும் நாடாகிய இலங்கை இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்ததை நாம் கண்டோம். இறால் வளர்ப்போர்க்கு 1996 இல் வந்த வெள்ளைப் புள்ளி நோய் இன்றும் மறக்கவில்லை.

வட்டி என்று பெயர் சொல்லாத வட்டி ஒன்றும் இங்கே உண்டு. இயந்திரம் வாங்க மீன் முதலாளி இரண்டு இலட்சம் ரூபா முற்பணம் தருகின்றார், வட்டி கேட்பதில்லை, பிடித்த மீனைத் தமக்கே தரவேண்டும் என்பது மாத்திரமே நிபந்தனை. விலை கிலோவுக்கு நூறு ரூபா குறைவு. பருவத்தில் 1,500 கிலோ கொடுத்தால் குறைந்துபோன பணம் 1,50,000. முதலோ அப்படியே நிற்கின்றது. வங்கியில் நூற்றுக்கு 20 வட்டிக்கு அதே தொகையை எடுத்திருந்தாலும் ஆண்டுக்கு 40,000 ரூபாவோடு போயிருக்கும். ஆயினும் வங்கி பிணை கேட்கும், படிவம் கேட்கும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதன் கதவைத் தட்டவும் முடியாது. முதலாளி கதவைத் திறப்பார். இவ்வுண்மையையும் மறைக்காமற் சொல்லத்தான் வேண்டும்.

சேமிக்கத் தெரியாதவர் என்று இம்மக்களைக் குறைகூறுவோர், 2022 ஐ ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. படகின் இயந்திரம் குடிப்பது மண்ணெண்ணெய். தேநீர்க் கடைச் செலவைக் குறையுங்கள் என்னும் அறிவுரை அங்கே எதற்குப் பயன்படும்? செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக ஏறியது. முறையாக வங்கியில் இட்டுவைத்தவர் பணமும் கரைந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியமையால், தங்கத்தின் விலையும் அதனோடு ஏறியது. பெட்டியில் இரண்டு பவுன் வைத்திருந்த தாய்மார்க்கு அதுவே கைகொடுத்தது. நகையை முடங்கிக் கிடக்கும் பணம் என்று பொருளியல் நூல்கள் கூறும். அவ்வாண்டுக்குப் பின்னர் அக்கூற்றை வகுப்பில் அப்படியே ஒப்புவிக்க நமக்கு மனம் வருவதில்லை.

இவ்வளவும் கூறியமையால் வலையொலிகளைக் கேட்கவேண்டாம் என்பதன்று நம் கருத்து. அவற்றால் விளைந்த நன்மை ஒன்று பெரிது. நம் வீடுகளிற் பணத்தைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. கணவர் பட்ட கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி கட்டும் சீட்டுக் கணவருக்குத் தெரியாது. இரண்டும் பிள்ளைகளுக்குத் தெரியா. ஆணும் பெண்ணும் கூச்சமின்றித் தம் கடனைப் பற்றி உரையாடுவதை ஒரு பிள்ளை கேட்கின்றது என்றால், அதுவே ஒரு பாடம். ஆனால் அவ்வுரையாடல் நம் கரையின் கணக்கோடு, நம் கரையின் தமிழில் ஏன் எழலாகாது?

அதற்கும் முன்மாதிரி உண்டு. இலங்கை வானொலியில் வந்த கோமாளிகளின் கும்மாளத்தில் மரிக்காராகிய ராம்தாஸ் முஸ்லிம்களின் தமிழையும், அப்புக்குட்டியாகிய ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழையும், உபாலியாகிய செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழையும் பேசிச் சிரிக்கவைத்தனர். அது 1976 இல் கோமாளிகள் என்று திரைப்படமும் ஆயிற்று. சில்லையூர் செல்வராசன் எழுதிய தணியாத தாகம் என்னும் குடும்பத் தொடர் நாடகம் மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக வந்து வீடுதோறும் கேட்கப்பட்டது. புத்தளக் கரையிலோ தமிழ்கள் இன்னும் பல. உடப்புத் தமிழ், கற்பிட்டித் தமிழ், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள் கொணர்ந்த மன்னார், யாழ்ப்பாணத் தமிழ் என்று ஒரே சந்தையில் நாலைந்தைக் கேட்கலாம்.

சென்ற தவணையில் நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் இதனை முயன்று பார்த்தனர். கரைவலைக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரோடு ஏலச்சீட்டைப் பற்றி உரையாடி, இருபத்திரண்டு நிமிடம் கைத்தொலைபேசியிற் பதிவு செய்தனர். இருபது பேர் மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் கட்டும் சீட்டு அது. ஆனி, ஆடியில் எல்லோருக்கும் பணம் வேண்டியிருப்பதால் கழிவு ஏறிப்போகும் என்றும், மகள் குவைத்திலிருந்து மாதந்தோறும் அனுப்புகின்ற வீட்டார் பொறுத்திருந்து மாசியிற் குறைந்த கழிவோடு எடுப்பர் என்றும் அவர் விளக்கிய தெளிவைப் பாடநூலிற் காண்பது அரிது. நடுநடுவே தாம் பார்த்த படமொன்றின் கதையையும் சொல்லிச் சிரித்திருக்கின்றார்.

பதிவை வெளியிட அனுமதி கேட்டபோது அவர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "சம்மாட்டியார்ட்ட வாங்கின முற்பணத்தையும் இதில சொல்லிப்போட்டேனே தம்பி. அவர் காதுக்குப் போனா வாற பருவத்துக்கு எங்கட ஆள வலைக்குக் கூப்பிடுவாரா?" என்றார். சென்னையில் ஒலிவாங்கி முன் அமர்ந்து தம் கடனைக் கூறுவோர்க்கு இவ்வச்சம் இல்லை. அவர்தம் கடன்காரர் அடுத்த தெருவில் இருப்பதில்லை.

மாணவர்கள் அதனை விட்டுவிடவில்லை. ஊரையும் பெயரையும் மாற்றி, நாடகமாக எழுதி, வேறு குரல்களிற் பதிவு செய்வதாகக் கூறியிருக்கின்றனர். அம்மையார் இசைந்தார், தொகைகளை மட்டும் மாற்றவேண்டாம் என்றாராம். உரையாடல் எழுதி முடிந்துவிட்டது. பெண்மணியாகப் பேச இரு மாணவியர் முன்வந்துள்ளனர். சம்மாட்டியாராகப் பேசத்தான் இன்னும் ஒருவரும் அகப்படவில்லை.