சங்கம் யாருடைய சொத்து?

கடலூர்த் துறைமுகத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில் பாதையில் குறிஞ்சிப்பாடி ஒரு சிறு ஸ்டேஷன். கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். அதை அடுத்து வடலூர். அதற்கும் அப்பால் நெய்வேலி. தகப்பன்மார் தறிக்குழியில் கால் வைத்திருந்த வீடுகளிலிருந்து இன்று வாலிபர்கள் பலர் சுரங்கத்துக்கும், மின் நிலையத்துக்கும், கடலூர் ஆலைகளுக்கும் கூலி வேலைக்குப் போகின்றனர். அத்தகையோரில் ஒருவர் சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் ஒரு யோசனை கேட்க வந்தார். அவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தார், எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பவற்றை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

அவர் கையில் சந்தா ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன. அவற்றை நூலால் கட்டி வைத்திருந்தார். "ஐயா, மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். கணக்கைக் காட்டுங்கள் என்றால், நீ எந்தக் கட்சிக்காரன் என்று கேட்கிறார்கள்" என்றார். பேச்சு வளர்ந்தபின் வேறொரு விஷயமும் வெளிவந்தது. நிரந்தர வேலைக்குரிய பட்டியலில் பெயர் சேர்ப்பதாகச் சொல்லிச் சங்கத்து நிர்வாகஸ்தர் ஒருவர் அவரிடம் ஒரு பெருந்தொகை வாங்கியிருந்தார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. அதற்கு மட்டும் ரசீது இல்லை.

அப்போது அமலில் இருந்த 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும் அங்கத்தினர் ஜாபிதாவையும் பார்வையிட ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை தந்திருந்தது. அதைச் சுட்டி நோட்டீஸ் விடுத்தோம். ஒரு தாளில் மூன்று வரிகள் வந்து சேர்ந்தன: வரவு, செலவு, இருப்பு. செலவில் பெரும்பகுதி "மகாநாட்டு வகை" என்றிருந்தது. பட்டியலுக்காகக் கொடுத்த தொகை அதில் எங்கே இருக்கப்போகிறது! மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று சொன்னோம். அவர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. காண்டிராக்டர் நினைத்தால் மறுநாளே கேட்டில் நுழையும் பாஸ் போய்விடும். சங்கத்தை எதிர்த்தால் காண்டிராக்டரிடம் தமக்காகப் பேசுவார் யார் என்பதே அவருடைய கேள்வி. அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை.

தொழிற்சங்கங்களில் ஊழல் மலிந்துவிட்டது, ஆகையால் அவற்றால் இனிப் பயனில்லை என்று கனவான்கள் சிலர் பேசக் கேட்கிறோம். முதற்பாதியை மறுக்க நாம் முன்வரவில்லை. பிற்பாதியை ஏற்பதற்கில்லை. அந்த நெசவாளி மகன் சங்கம் வேண்டாம் என்று நம்மிடம் வரவில்லை. தம் சங்கத்தின் கணக்கைக் கேட்டே வந்தார்.

சங்கம் என்பது தமிழ்நாட்டில் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று நினைவுகூர்வது நலம். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அடிகோல, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உடன் உழைத்தார். பின்னி கம்பெனியார் வாடியா முதலியோர்மீது நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்துச் சென்னை ஹைகோர்ட்டில் தடையுத்தரவும் பெற்றனர். அந்தக் கசப்பான அனுபவமும் சேர்ந்தே 1926-ஆம் வருஷத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இவர்களில் எவரும் ஆலைத் தொழிலாளி அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி தானே தலைவனாக முன்வந்தால் அன்றைக்கே வேலை போகும். ஆதலால் வெளியார் தலைமை அந்தக் காலத்தின் அவசியம். சட்டமும் நிர்வாகஸ்தரில் பாதிப் பேர் வெளியாராக இருக்க இடம் கொடுத்தது. 2001-ஆம் வருஷத்துத் திருத்தமே அதை வெகுவாகக் குறைத்தது. அவசியத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு நாளடைவில் வழக்கமாகி, வழக்கம் பிறகு பாத்தியதை ஆகிவிட்டது. கட்சிக்கு ஒரு சங்கம், கட்சி பிளந்தால் சங்கமும் இரண்டு என்னும் நிலைக்கு வந்திருக்கிறோம். கட்சித் தலைமை நியமித்த காரியதரிசி யாருக்குக் கணக்குக் காட்டுவார்? நியமித்தவருக்குத்தான்.

தண்டனையோ கேலிக்கூத்தாக இருந்தது. வருஷாந்தரக் கணக்கை ரிஜிஸ்திராருக்கு அனுப்பத் தவறிய சங்க நிர்வாகஸ்தருக்கு 1926-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்த அபராதம் 5 ரூபாய்க்கு மேற்படாது. தொடர்ந்து தவறினால் வாரத்துக்கு இன்னோர் 5 ரூபாய். ஆனால் மொத்தம் 50 ரூபாயைத் தாண்டலாகாது! பல்லாண்டுகள் இந்தத் தொகையை மாற்ற யாரும் துடிக்கவில்லை. அதில் எல்லாக் கட்சியினரும் ஒற்றுமையாக இருந்தனர் போலும்.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1957 மே 20-ல் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அங்கே நிர்வாகத்தோடு பேசும் சங்கம் எது என்பதை ரகசிய வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்கின்றனர். இது மெச்சத்தக்க முறை. நாட்டில் பல ஸ்தாபனங்களில் இதுகூட இல்லை. ஆயினும் அந்த வாக்கு நிரந்தரத் தொழிலாளருக்கே உரியது. 10,000-க்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் அதே கரியை வெட்டி, அதே பாய்லரருகில் நின்று வேலை செய்தும் வாக்குப் பெட்டியை அணுக முடியாது. 2020 ஜூலை 1-ல் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துப் பலர் மாண்டபோது, நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்ந்தே கருகினர். நெருப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பற்றவில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு உரிய சங்கத்துக்கு நூற்றுக்கு 51 பேர் ஆதரவு வேண்டும் என்று அது கூறுகிறது. யாரில் 51 பேர்? அந்த ஸ்தாபனத்தின் மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளரில். காண்டிராக்டரின் ரோலில் உள்ளவர் இக்கணக்கில் வாரார். வக்கீல் கண்ணுக்கு இது சிறு சொல்லாகத் தோன்றலாம். குறிஞ்சிப்பாடி வாலிபருக்கு இதுவே அவர் தலையெழுத்து. தன் வாக்கால் ஒருவரை இறக்கவும் ஏற்றவும் இயலாதவன் தயவை நாட வேண்டியவனாகிறான். தயவுக்கு விலை வைப்பதும் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் மோட்டார்த் தொழிலாளரின் பெருஞ்சங்கத்தில் நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். அச்சங்கத்தின் மாஜித் தலைவர்கள் கேரி ஜோன்ஸ், டென்னிஸ் வில்லியம்ஸ் இருவரும் சங்கப் பணத்தை உல்லாசத்துக்குச் செலவிட்ட வழக்கில் 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2021-ல் சிறைத்தண்டனை பெற்றனர். அத்துடன் சங்கம் ஒழிந்ததா? அதே 2021-ல், தலைவரை மகாநாட்டுப் பிரதிநிதிகளுக்குப் பதில் அங்கத்தினரே நேராகத் தேர்ந்தெடுப்பது என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷான் பெயின் தலைமையில் 2023-ல் மூன்று பெரிய கம்பெனிகளிலும் வேலைநிறுத்தம் நடந்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் நூற்றுக்கு 25 வீதம் சம்பள உயர்வு கிடைத்தது. கெட்டுப்போன சங்கத்தை அதன் அங்கத்தினரே மீட்டுக்கொண்டனர்.

நாம் கோருவது பெரிதல்ல. சங்கத்தின் வருஷக் கணக்கைத் தமிழில் அச்சிட்டுத் தொழிற்சாலை வாயிலில் ஒட்ட வேண்டும். "மகாநாட்டு வகை" என்று ஒரே வரியில் அடைக்காமல் இனம் பிரித்துக் காட்ட வேண்டும். வேலைக்காகவோ பட்டியலுக்காகவோ பணம் வாங்கிய நிர்வாகஸ்தரைச் சங்கமே முன்வந்து போலீஸில் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரே கேட்டில் நுழைகிற அனைவருக்கும் ஒரே வாக்கு வேண்டுமென்று நிரந்தரத் தொழிலாளரே கேட்க வேண்டும். சர்க்கார் இதைத் தாமாகச் செய்வர் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாக்கெடுப்பு வரும்போது நெய்வேலிச் சங்கங்கள் தங்கள் துண்டுப் பிரசுரங்களில் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதுகின்றனவா என்று பார்ப்போம்.