7,500 ரூபாய்க்கு ஒரு நல்ல கிதார்!

விருதுநகர்க்காரர்களுக்குச் சரக்கை எடைபோட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கினாலே, அது சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். உளுந்தை ஒரு கடி கடித்துப் பார்த்து விலை பேசுவார்கள்.

ஆனால் ஒரு கிதாரை எதைக் கொண்டு எடைபோடுவது?

சென்ற தீபாவளி கழிந்த சில நாட்களில், இந்தக் கேள்வி என் தலையில் வந்து விழுந்தது.

என் அக்காள் திருத்தங்கலில் இருக்கிறாள். பட்டாசு ஆலையில் முன்பு சரம் பின்னியவள். மச்சானுக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. மாதக் காலண்டருக்கு மேலும் கீழும் தகரப் பட்டி அடிப்பவர் அவர். இவர்களுடைய பையனுக்கு வயது 18. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுக்குக் கிதார்ப் பைத்தியம்!

பள்ளி ஆசிரியர் ஒருவரின் பழைய மரக் கிதாரில் கற்றுக்கொண்டவன். அவன் வாசிப்பதை விருதுநகர் மெல்லிசைக் குழுத் தலைவர் ஒருவர் கேட்டார். "விரல் நல்லாப் பேசுது தம்பி. சொந்தமா ஒரு எலெக்ட்ரிக் கிதார் மட்டும் இருந்தா, பங்குனிப் பொங்கல் கச்சேரிக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று முதல் பையன் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்காளிடம் சீட்டுப் பணம் 12,000 ரூபாய் இருந்தது. அடுத்த மழைக்குள் வீட்டு ஒழுகலை அடைக்க வைத்திருந்த பணம் அது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். "ஏமாந்துட்டு மட்டும் வராதே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மச்சான் மட்டும் முணுமுணுத்தார். "மாப்ளே, நல்ல கிதார்னா அம்பதாயிரம், லட்சம்ங்கிறாங்க. பன்னெண்டாயிரத்துக்கு விறகுக்கட்டைதான் கிடைக்கும்."

மச்சான் சொன்னது சரியா? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ரேடியோ மெக்கானிக் செய்த புரட்சி

எலெக்ட்ரிக் கிதார் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால், பாதிப் பயம் போய்விடும்.

சாதாரண கிதாரில் மரப் பெட்டிதான் நாதம் எழுப்புகிறது. வீணையின் குடம் போல. அந்தப் பலகை மெல்லியதாக, நன்கு பதப்பட்டதாக இருக்க வேண்டும். அதை இழைக்கத் தேர்ந்த தச்சன் வேண்டும். எனவே விலை ஏறுகிறது.

எலெக்ட்ரிக் கிதாரின் வேலை வேறு. எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தங்கள் இருக்கின்றன. தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை அவற்றைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு செம்புக் கம்பியில் சிறு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதைப் பெருக்கினால் இசை! இதனால்தான் நைலான் கம்பி கட்டினால் இந்தக் கிதார் ஊமையாகிவிடும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931-ஆம் ஆண்டில் இந்த முறையில் ஒரு கிதாரை உருவாக்கினார். வட்டமான உடம்பும் நீண்ட கழுத்துமாக இருந்த அதற்கு, "வாணலி" என்றே பட்டப்பெயர் வந்தது.

அதைச் சாமான்யர் கைக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். அவர் ரேடியோ பழுதுபார்ப்பவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதாரில் குடமும் இல்லை, வளைவு நெளிவும் இல்லை. கெட்டியான ஒரு பலகை. அதில் நான்கு திருகாணி போட்டு முடுக்கிய கழுத்து. அவ்வளவுதான். கழுத்து பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

அதாவது, தொழிற்சாலையில் வேகமாகவும் மலிவாகவும் செய்வதற்கென்றே வகுத்த வாத்தியம் இது. மலிவு அதன் பிறவிக் குணம், குறையல்ல!

இன்று மரத்தை அறுப்பதும் குடைவதும் கம்ப்யூட்டர் சொல்படி நடக்கும் இயந்திரங்கள். விலை உயர்ந்த கிதாரையும் விலை குறைந்த கிதாரையும் அவை ஒரே அளவுத் துல்லியத்தோடு அறுக்கின்றன. அப்படியானால் வித்தியாசம் எங்கே? மரத்தின் தரத்திலும் உதிரி பாகங்களிலும் கொஞ்சம் இருக்கிறது. பெரும்பகுதி, கடைசியில் ஒரு மனிதன் உட்கார்ந்து, தடவிப் பார்த்து, அராவி, முடுக்கிச் சரிசெய்யும் கைவேலையில் இருக்கிறது. மலிவுக் கிதாரில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.

இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உதவும்.

கல்கத்தா தந்த இரண்டு

மலிவான பொருள் நல்ல பொருளாகவும் இருக்க முடியுமா என்று சிவகாசிக்காரர் கேட்கலாமா?

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்கள் மூட்டிய நெருப்புத்தான் இன்றைய தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் எல்லாம். நெடுங்காலம் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. ஒரு ரூபாய்ப் பெட்டி என்பதற்காக அது பற்றாமல் போனதுண்டா?

அதே கல்கத்தா இந்தியாவின் கிதார் நகரமும் ஆகும். லால்பஜார்ப் பக்கம் ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிவ்சன், ஹாப்னர் போன்ற உள்நாட்டுக் கிதார்கள் அந்த நகரத்துத் தயாரிப்புகள். வெளிநாட்டு வாத்தியத்தைக் கனவிலும் வாங்க முடியாத பல இளைஞர்கள், இப்படிப்பட்ட உள்நாட்டுக் கிதாரில்தான் முதல் பாடம் படித்தார்கள்.

தமிழ்க் காதுக்கு இந்த நாதம் புதிதுமல்ல. பண்ணைப்புரத்து இளையராஜா கிதார் கற்றவர். மாண்டலின் சீனிவாசன் மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்து உலகத்தையே வியக்க வைத்தார். இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா எலெக்ட்ரிக் கிதாரிலேயே கீர்த்தனைகள் வாசிக்கிறார்.

அண்ணாச்சியின் ஐந்து சோதனை

எனக்குக் கிதார் தெரியாது. ஆகவே விருதுநகரில் நாற்பது ஆண்டுகளாக ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டேன். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மூன்று பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் பையனின் கண் பளபளவென்று மின்னிய ஒரு சிவப்புக் கிதார் மேல் போயிற்று. அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்தார். "கத்திரிக்காய் வாங்குறப்ப மினுமினுப்பையா பாக்குறோம்? காம்பைப் பாக்கணும்லா? இதுலயும் அப்படித்தான்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்.

முதலாவது, கழுத்து. துப்பாக்கி குறிபார்ப்பது போலக் கண்ணருகே பிடித்து, நுனிவரை பார்த்தார். முறுக்கிக்கொண்டிருந்தால் அதைத் திருத்த முடியாது, தொடவே கூடாது. இலேசான வளைவு இருந்தால் பாதகமில்லை. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்திவிடலாம்.

இரண்டாவது, மெட்டுகள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுவே கிதாரில் "ஃபிரெட்". ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டினார். எங்காவது "கிர்ர்" என்று இரைந்தால், அந்த இடத்தில் ஒரு மெட்டு தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, சுருதி. பன்னிரண்டாவது மெட்டு, கம்பியின் சரிபாதி. அந்த இடத்தில் கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினார். பிறகு அழுத்தி மீட்டினார். இரண்டும் ஒரே சுருதியில் பேச வேண்டும். பேசாவிட்டால், கம்பி உட்காரும் குதிரையைத் திருகாணியால் நகர்த்திச் சரிசெய்ய இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, பிருடைகள். கம்பிகளை நன்றாக இழுத்துவிட்டு, மறுபடியும் சுருதி பார்த்தார். இரண்டு மூன்று முறை இழுத்த பிறகும் சுருதி இறங்கிக்கொண்டே போனால், அந்தக் கிதார் கச்சேரிக்கு உதவாது.

ஐந்தாவது, மின்சாரம். ஒலிபெருக்கியில் மாட்டி, குமிழ்களை மெதுவாகத் திருகினார். கரகரப்பு உண்டா, ஒயரை அசைத்தால் சத்தம் அறுகிறதா என்று கவனித்தார்.

20,000 ரூபாய்க் கிதார் ஒன்று நான்கில் தேறி, மெட்டில் தோற்றது. பையன் ஆசைப்பட்ட சிவப்புக் கிதாரின் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பார்த்தாயிற்று. பையனின் முகம் வாடிவிட்டது.

மூலையில் தூசி படிந்து ஒன்று தொங்கியது. சாம்பல் நிறம். விலைச் சீட்டு 7,500. கடைப் பையனே அதை எடுத்துத் தரத் தயங்கினான். அண்ணாச்சி கழுத்தைப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். ஒரு நூல் பிடித்தாற்போல் நேர்! மெட்டுகளில் இரைச்சல் இல்லை. பிருடை நின்றது. சுருதி மட்டும் சற்று விலகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து சிறு திருப்புளியை எடுத்துக் குதிரையைக் கொஞ்சம் நகர்த்தினார். கம்பிகளின் உயரத்தை இறக்கினார். கால் மணி நேரம் ஆயிற்று.

பிறகு பையனிடம் நீட்டினார். "இப்ப வாசி."

பையன் வாசித்தான். பக்கத்தில் வேறு ஏதோ வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரரே கல்லாவை விட்டு எழுந்து வந்து, "இதுவா அது?" என்றார்!

அந்தக் கிதாரில் எழுதியிருந்த பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லியும் பயனில்லை. கடைசிக் கைவேலையை மிச்சம் பிடித்த சரக்கில், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. பெயரை வாங்காமல், கையில் இருக்கும் வாத்தியத்தை வாங்க வேண்டும்.

பழைய ஒலிபெருக்கி ஒன்று 2,500. புதுக் கம்பி, ஒயர், உறை எல்லாம் சேர்த்து 1,100. மீதி 900 ரூபாயில் பஸ் கட்டணம் போக, அக்காளுக்கு மதுரை மல்லிகை வாங்கினோம்.

அக்காள் கண்ட குறை

மார்கழி கழிந்து தை பிறந்தது. ஒரு நாள் அக்காள் கிதாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"தம்பி, இந்த ஓரமெல்லாம் கீறுதே?"

நான் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பையனின் இடக்கையைப் பிடித்துப் பார்த்தாள். சுட்டுவிரல் ஓரத்தில் மெல்லிய கீறல்கள். அம்மா வருந்துவாள் என்று அவன் சொல்லாமல் இருந்திருக்கிறான்!

அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்தார். "நம்ம ஊர் காத்துடே அது!" என்றார்.

ஈரக்காற்று உள்ள இடத்தில் செய்த கிதார், வறண்ட ஊருக்கு வந்தால் மரம் கொஞ்சம் சுருங்குகிறது. உலோக மெட்டு சுருங்குவதில்லை. எனவே மெட்டுகளின் முனை மரத்துக்கு வெளியே மயிரிழை அளவு நீட்டிக்கொள்கிறது. மழை குறைந்த இந்த வறட்சிதான் தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைத்து, சிவகாசிக்குச் சோறு போடுகிறது. அதே வறட்சி கிதாரின் மரத்தையும் காயவைத்துவிட்டது!

கடையில் அந்த முனைகள் இப்படி இல்லை. இருந்திருந்தால் அண்ணாச்சியின் கை அறிந்திருக்கும். இப்போது அறிந்தது, ஆண்டுக்கணக்காகத் திரியோடு திரி சேர்த்துச் சரம் பின்னிய விரல்.

மச்சான் கிதாரை மடியில் வைத்தார். அதுவரை அதைத் தொடாதவர் அவர். "தகர ஓரம் மாதிரிதானே மாப்ளே? இதுல என்ன இருக்கு!" என்றார். மரத்தின் மேல் ஒட்டு டேப்பை ஒட்டினார். நைஸ் அரத்தைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெட்டு முனையாக அராவினார். பிறகு உப்புத்தாள் போட்டார். இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை.

தொழிற்சாலை மிச்சம் பிடித்த அந்தக் கடைசிக் கைவேலை, திருத்தங்கல் வீட்டுத் திண்ணையில் நடந்து முடிந்தது.

மேடையில்

பங்குனிப் பொங்கல். விருதுநகரில் நெரிசல் சொல்லி முடியாது.

கச்சேரிக்கு முன் அண்ணாச்சி மேடையின் பின்புறம் போய், ஒலிபெருக்கியின் பிளக்கைப் பார்த்தார். மூன்று முனைப் பிளக்தானா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். எஃகுக் கம்பியைத் தொட்டபடியே மைக்கில் பாடுகிறவர்கள் இதில் அலட்சியமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. திருவிழா மேடைகளில் வாசிக்கும் இளைஞர்கள் இதை மறக்கவே கூடாது.

பாட்டு தொடங்கியது. கீபோர்டு, தபலா, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. அக்காள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இதுல எதுடா நம்ம சத்தம்?"

நான் சொல்வதற்குள், மற்ற வாத்தியங்கள் நின்றன. கிதார் மட்டும் தனியாகப் பேசியது. இருபது விநாடி இருக்கும். அக்காள் கேட்ட கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை. மச்சான் கூட்டத்தைப் பார்ப்பது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கச்சேரி முடிந்து பையன் இறங்கி வந்தான். முதல் சம்பளம் 800 ரூபாயை அம்மாவிடம் கொடுத்தான். அவள் பணத்தை எண்ணவில்லை. அவனுடைய இடக்கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பக் கீறுதாடா?"

"இல்லம்மா."

வீட்டு ஒழுகலை இன்னும் அடைக்கவில்லை. அதற்கு இன்னும் சில கச்சேரிகள் வேண்டும். மழைக்கு மாதங்கள் இருக்கின்றன.