இசை கேட்டால் நெல் கூடுதலாக விளையுமா?

"இசை கேட்ட பயிர் செழித்து வளரும்", "செடி நம் மனத்தில் நினைப்பதை அறியும்" என்பன போன்ற செய்திகள் விஞ்ஞானத்தின் பெயரால் அடிக்கடி வருகின்றன. முன்பு பத்திரிகைகளில் வந்தவை இப்போது கைப்பேசியிலும் வருகின்றன. இவற்றை நம்பி ஒலிபெருக்கிக்கோ வேறு கருவிக்கோ பணம் செலவிடுமுன், இவற்றில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது.

செய்தி பிறந்த விதம்

அமெரிக்காவில் பீட்டர் டாம்ப்கின்ஸ், கிறிஸ்டோபர் பேர்ட் என்ற இருவர் தாவரங்களின் இரகசிய வாழ்க்கை பற்றி எழுதிய நூல் 1973-ஆம் ஆண்டில் வெளியாகி, ஏராளமாக விற்பனையாயிற்று. அதில் வரும் செய்தி ஒன்று நம் பகுதியைச் சார்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி. சி. சிங், 1960 முதல் 1963 வரை அன்றைய சென்னை மாநிலத்திலும் புதுச்சேரியிலுமாக ஏழு கிராமங்களின் நெல் வயல்களில் ஒலிபெருக்கி வைத்து, சாருகேசி இராகத்தை ஒலிக்கச் செய்தார் என்றும், மகசூல் வட்டாரச் சராசரியைவிட 25 முதல் 60 சதவீதம் வரை கூடிற்று என்றும் அந்நூல் கூறுகிறது.

எதனோடு ஒப்பிட்டார்கள்?

இங்கு கவனிக்க வேண்டியது "வட்டாரச் சராசரி" என்ற சொல்லாகும். ஒரு வட்டாரத்தின் சராசரியில் தண்ணீர் எட்டாத கடைமடை வயலும் அடங்கும், களர் நிலமும் அடங்கும், பூச்சி விழுந்த வயலும் அடங்கும். நல்ல விதை, காலத்தில் களையெடுப்பு, தேவையான உரம் ஆகியவை கிடைத்த எந்த வயலும், இசையே இல்லாமல், அந்தச் சராசரியைத் தாண்டிவிடும். ஆகவே, கூடுதல் நெல் இராகத்தால் வந்ததா, பராமரிப்பால் வந்ததா என்று இந்த ஒப்பீட்டைக் கொண்டு கூற இயலாது. அதே மண்ணில், அதே நாற்றை அதே நாளில் நட்டு, ஒலி எட்டாத தூரத்தில் ஒரு வயலை விட்டு ஒப்பிட்டிருந்தால்தான் விடை கிடைக்கும்.

செடிக்கு மனம் உண்டா?

அதே நூலில் புகழ்பெற்ற இன்னொரு செய்தி, கிளீவ் பாக்ஸ்டர் என்பவருடையது. பொய்யறியும் கருவியில் வல்லுநரான இவர், 1966-இல் ஓர் அழகுச் செடியின் இலையில் அக்கருவியைப் பொருத்தினார். இலையைக் கொளுத்த வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் முள் துள்ளியது என்றார். சிறு இறால் வகை உயிர்களைக் கொதிநீரில் போட்டாலும் செடி உணர்கிறது என்றும் அறிவித்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தினர் இதைக் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அத்தகைய விளைவு எதுவும் தென்படவில்லை. இது 1975-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. ஆயினும் பாக்ஸ்டரின் செய்தி பரவிய அளவுக்கு இந்த மறுப்பு பரவவில்லை.

செடி உணர்ச்சியற்ற கட்டை என்பது இதன் பொருளன்று. தொட்டாற்சுருங்கியை நாம் அறிவோம். புழு இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் பதிவு செய்து செடிக்குக் கொடுத்தபோது, பின்னர் புழு தாக்குகையில் அது எதிர்ப்புப் பொருளைக் கூடுதலாகச் சுரந்தது என்று மிசௌரி பல்கலைக்கழகத்தினர் 2014-இல் கண்டனர். காற்றின் அதிர்வுக்கு இவ்வாறு நேரவில்லை. ஆனால் அதிர்வை உணர்வது வேறு, இராகத்தை இரசிப்பது வேறு, மூட்டை கூடுவது முற்றிலும் வேறு.

நீங்களே சோதிக்கலாம்

புதிய வளர்ச்சித் திரவம், நுண்ணுயிர்க் கலவை என்று எது விற்பனைக்கு வந்தாலும், வயல் முழுவதும் தெளிக்குமுன் கீழ்க்கண்டவாறு சோதித்துப் பாருங்கள்.

1. ஒரே சீரான வயலில், சென்ட் அளவுள்ள 6 பாத்திகள் அமைக்கவும். நாற்று, நடும் நாள், உரம், நீர் யாவும் ஒன்றாகவே இருக்கட்டும்.

2. சீட்டுக் குலுக்கி 3 பாத்திகளைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டும் புதிய பொருளைத் தெளிக்கவும். மற்ற மூன்றுக்கும் அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளிக்கவும்.

3. ஓரப் பயிரை விட்டு, ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் அளந்து அறுத்து, நெல்லைக் காயவைத்துத் தனித்தனியே எடை போடவும். எந்தப் பாத்தி எது என்று அறியாதவர் எடை போடுவது நல்லது.

4. தெளித்த மூன்றும் தெளிக்காத மூன்றையும்விட அதிகம் கொடுத்தால், அடுத்த பருவமும் சோதிக்கவும். பயனற்ற பொருளுக்கும் இருபதில் ஒரு முறை இவ்வாறு தற்செயலாக அமைந்துவிடக்கூடும். எடைகள் கலந்து வந்தால் பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

கூடுதல் மகசூலின் விலை, பொருளுக்கும் தெளிப்புக்கும் ஆன செலவைத் தாண்டுகிறதா என்பதையும் கணக்கிட வேண்டும்.

எவரேனும் "இத்தனை சதவீதம் கூடும்" என்று சொன்னால், "எந்த வயலைவிட?" என்று கேளுங்கள். பக்கத்துப் பாத்தியைக் காட்ட முடியாதவரிடம் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஐயம் இருப்பின் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகவும். வயலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வதில் தவறில்லை. அது உழைப்பவரின் களைப்பைத் தீர்க்கும். பயிருக்கு வேண்டியது உரிய காலத்தில் நீரும் உரமும் களையெடுப்புமே.